எதிர்ப் பூசை

நவம்பர் ஒன்று. மத்தியானம் மூன்றரை.
தேவகோட்டையில் மழை விட்டுவிட்டுப் பெய்கிறது.
கல்லறைத் திருநாளுக்குப் பெயர் கொடுக்க வந்தவர்கள் போய்விட்டார்கள்.
மேசைமேல் குடைகள் சொட்டிய தண்ணீர்,
நான் எழுதி முடித்த நாற்பத்தேழு ஆத்துமாக்கள்.

மிக்கேலம்மாள் அப்போதுதான் வந்தாள்.
உட்காரவில்லை.
"பூசைக்கு எவ்வளவு?"
சொன்னேன்.
"தூக்கி விடுறதுக்கு அவ்வளவு. நிறுத்தி வைக்கிறதுக்கு?"

எனக்கு விளங்கவில்லை.

"எங்க நாத்தனா மாசம் தவறாம
அந்த ஆளுக்குப் பூசை வைக்கிறாகளாம்ல.
அதுக்கு எதிரா ஒண்ணு வைக்கணும்.
இன்னும் கொஞ்ச காலம் அங்கனயே கெடக்கட்டும்."

அந்த ஆள் அடைக்கலசாமி. லாரி டிரைவர்.
மதுரை ஆஸ்பத்திரியில் அழுது பாவசங்கீர்த்தனம் செய்து
அவஸ்தைப்பூசுதல் வாங்கிச் செத்து
மூன்று வருஷம்.

வட்டிக் கணக்கில் பிழைத்த ஊர் இது.
உத்தரிக்கிற ஸ்தலம் என்றால்
கடனைக் கட்டித் தீர்க்கும் இடம் என்றே காதில் விழும்.
இன்னும் எத்தனை பூசை பாக்கி,
கட்டினது அசலுக்கா வட்டிக்கா என்பார்கள்.
ஒரு வாத்தியார் ரசீது கேட்டார்.
இன்னொருவர், செத்த பிறகும் திருந்த ஒரு தவணை உண்டு என்று நம்பி
நிம்மதியாகக் குடித்தார்.
எல்லோருக்கும் என்னிடம் பதில் இருந்தது.
தவணை இல்லை, காலண்டர் இல்லை,
காணிக்கை கிரயம் இல்லை.

இவளுக்கு இல்லை.

"அது சின்ன நரகம் இல்லம்மா" என்று ஆரம்பித்தேன்.
"நம்ம ஊர் வீட்டுல
முகப்புல நுழைஞ்சா பின்கட்டு வழியா
அடுத்த தெருவுல இறங்கிரலாம்.
அங்க பின்வாசல் கெடையாது.
உள்ள போனவுக எல்லாரும்
என்னைக்காவது மோட்சத்துக்குத்தான்."

"அப்ப தப்பிச்சுட்டான்."

மழை வலுத்தது.
ஜன்னலைச் சாத்த எழுந்தேன், சாத்தாமல் உட்கார்ந்தேன்.

"கோயில் படத்துல இடுப்பு மட்டும் நெருப்புல நிக்கிறாகளே,
ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம
அதுல அந்த ஆள் மொகத்தத் தேடுவேன்.
இல்ல. எல்லாம் வெள்ளக்கார மொகம்.
நெருப்பாச்சும் நெசந்தான?"

"வரைஞ்சவருக்கு நெருப்பத் தவிர வேற தெரியல.
எப்படிப்பட்டதுன்னு யாரும் முடிவாச் சொல்லல.
தான் செஞ்சத எல்லாம்
பட்டவுக பக்கத்துல இருந்து பாக்குறதுதான்னு
சில பேர் சொல்றாக.
கண்ண மூட முடியாம."

அவள் சேலையை ஒதுக்கி
இடது முழங்கையை மேசைமேல் வைத்தாள்,
அடகுக்கு நகை வைப்பதுபோல.
இஸ்திரிப் பெட்டியின் முனை
அப்படியே பதிந்திருந்தது.

"இதையுமா?"

"இதையும்."

"வெளிய இருந்து பாத்தவன்தான அவன்.
பாத்துட்டுச் சோறு கேட்டான்."

"இனி உள்ள இருந்து."

கையை எடுக்கவில்லை.
பேரேட்டின் ஈரம் அவள் தோலில் ஒட்டியது.

"அப்ப பூசை என்ன செய்யும்?"

"சீக்கிரம் பாக்க வைக்கும்" என்றேன்.
ஞானோபதேசத்தில் நான் படித்த வரி அல்ல.
சாமியார் கேட்டிருந்தால் திருத்தியிருப்பார்.

ஐந்நூறு ரூபாய்த் தாளை
நகத்தால் நீவி நிமிர்த்தினாள்.
"எழுதுங்க."

"எதிர்ப் பூசையா?"

"நேர்ப் பூசைதான்.
சீக்கிரம் பாக்கட்டும்."

நாற்பத்தெட்டு. அடைக்கலசாமி.
கொடுப்பவர் என்ற கட்டத்தில்
மனைவி என்று எழுதப்போனேன்.
"எம் பேர எழுதுங்க" என்றாள்.
எழுதினேன்.

மீதியைக் கொடுத்தேன். எண்ணினாள்.
மறுபடியும் எண்ணினாள்.

"பத்து ரூவா கொறையுதே."

மன்னிக்கணும் என்று சொல்லி
இழுப்பறையைத் திறந்தேன்.