நாற்பது நொடி

பனிக்கட்டி உடைந்து ஐந்து வாரம்.
கையுறை ஏரியில் முழங்கைவரை விட்டால்
தண்ணீர் இன்னும் எலும்பைத் தேடி வருகிறது.
காலை நாலரைக்கே வெளிச்சம்.
வடக்கே ஜூன் மாதத்தில் இரவு என்பது
ஒரு கொட்டாவி, அவ்வளவுதான்.

வெண்டெல் மோட்டாரை நிறுத்திவிட்டு
வாயை நிறுத்த மறந்துவிட்டான்.
கொசு, பெட்ரோல் விலை,
தெர்மாஸ் மூடியில் விழுந்த கீறல்.
வரும் செவ்வாய்க்கிழமை மட்டும் பேச்சில் இல்லை.
பிள்ளைகள் யாரிடம் என்று
கோர்ட் சொல்லப்போகிற செவ்வாய்.
நானும் கேட்கவில்லை.

முதலில் பெர்ச், விரல் நீளம்,
கோடு போட்ட பள்ளிச் சட்டையில்.
விட்டேன்.
அதுவேதானோ அதன் தம்பியோ, மறுபடி வந்தது.
மறுபடி விட்டேன்.

நாணல் ஓரம் பைக்.
அது கடிப்பதில்லை, கதவை அறைந்து சாத்துகிறது.
கம்பித் தலைப்பு கட்டாத என் சோம்பலுக்கு
ஏழு டாலர் கரண்டியை வசூலித்துக்கொண்டு போனது.
பிளேடால் சீவியதுபோல் தங்கூசி நுனி.
வெண்டெல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

பாறைத் திட்டுக்கு அப்பால், பதினான்கு அடியில்
வால்ஐ மீன் இரண்டு. இங்கே எல்லோருக்கும் அது கோலிக்கண்ணன்.
இரவு விளக்கை அணைக்காமல் வந்துவிட்ட கண்கள்.
இவை சட்டிக்கு.
ஐஸ் பெட்டியை வாலால் தட்டித் தட்டி அடங்கின.
வருத்தமெல்லாம் இல்லை,
வீட்டில் வெண்ணெய் இருந்தது, மிளகும்.

வெயில் ஏறியது.
கரையோரம் இடுப்பளவு தண்ணீரில்,
சரளைக்கல் நடுவே,
யாரோ துடைத்துக் கவிழ்க்காமல் விட்ட தட்டுபோல்
ஒரு வெளிர் வட்டம்.
அதன்மேல் ஒரு பாஸ், பழைய வெண்கல நிறம்,
முன்னும் போகாமல் பின்னும் போகாமல்
துடுப்பை மட்டும் அசைத்தபடி.
ஆண் மீன். முட்டையிட்டவள் என்றோ ஆழத்துக்குப் போயாயிற்று.

எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வீசினேன்.
பசிக்கு அது கவ்வவில்லை.
வாசலில் விழுந்த குப்பையை எடுத்தெறிய
கையா இருக்கிறது அதற்கு?

இரண்டு துள்ளல். மூன்றாவதற்குப் படகுக்கு வந்துவிட்டது.
நாலு பவுண்டு இருக்கும். சிவந்த கண்.
வால் ஓரம் தேய்ந்து வெளுத்துக் கிழிந்திருந்தது,
கல்லைப் பெருக்கிப் பெருக்கி.
"அப்படியே பிடி, போட்டோ!"
ஈரம் படாமல் ரொட்டிப் பையில் கட்டியிருந்த போனை
வெண்டெல் அவிழ்த்தான்.
முடிச்சு வரவில்லை. பல்லால் கடித்தான்.

அப்போது கீழே பார்த்தேன்.
புளூகில்கள். முதலில் மூன்று,
பிறகு எண்ணவில்லை.
உள்ளங்கை அகலம், ஆரஞ்சு மார்பு.
பந்திக்கு முந்திக்கொண்டு
வட்டத்துக்குள் தலைகீழாய் நின்று கொத்தின.

வெண்டெலும் பார்த்துவிட்டான்.
போன் கையில் இருந்தது. படம் எடுக்கவில்லை.
"ஆர்டித், அதை விடு."
முள் தாடையில் ஆழமாய்.
குறடு காலடியில் எங்கேயோ.
"விடு அதை."

விட்டதும் அது நேரே போய் முட்டியது.
அடியில் சேறு எழும்பிக் கலங்கியது.
தெளிந்தபோது
அதே இடம், அதே துடுப்பு.
கீழே எவ்வளவு மிச்சம் என்று
மேலிருந்து எப்படிச் சொல்வது.

"எவ்வளவு நேரம் இருக்கும்?"
"நாற்பது நொடி," என்றேன்.
கூடவே இருந்திருக்கலாம்.
அதற்குப் பிறகு வெண்டெல் பேசவில்லை,
கொசுவைப் பற்றிக்கூட.

படகுத் துறையில் வார்டன், புதுப் பெண்,
லைசென்ஸைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறந்தாள்.
கோலிக்கண்ணன் இரண்டு. அளவு சரி.
"வேறு ஏதாவது?"
இல்லை என்றேன்.
வெண்டெல் பக்கத்தில் நின்று
ரொட்டிப் பையை மறுபடி முடிந்துகொண்டிருந்தான்,
இறுக்கி, இரட்டை முடிச்சாக,
போனை உள்ளே வைக்காமலே.