மணிக்கு இரண்டு கிலோமீட்டர்

கல் தூக்கும் ரப்பர் கிண்ணம் இரண்டு
பர்கூர் சாலை கிரானைட் பட்டறையில்
ஞாயிறு மட்டும் சும்மா கிடக்கும்.
திங்கள் எட்டு மணிக்குள் தருகிறேன் என்று
வாங்கி வந்தேன்.
ஒவ்வொன்றும் அறுபது கிலோ பலகையைத் தூக்குமாம்.
என் கேமரா ஒன்றேகால் கிலோ,
தவணை இன்னும் ஏழு.

பந்தல்கார நயாஸ் கொடுத்த
பதினோரடி அலுமினியக் குழாய்.
யாருடைய கல்யாணத்து சீரியல் விளக்கோ,
அதைக் கட்டிய செம்புக்கம்பி
நுனியில் இன்னும் சுற்றியிருந்தது.
சாரம் கட்டும் கிளாம்ப் மூன்று,
சைக்கிள் டியூப் ஒரு முழம்.
முக்காலியின் தலையைக் கழற்றி
குழாய் முனையில் உட்கார வைக்க
சாக்கப்பன் ஒரு நட்டு பற்றவைத்தான்.

"இது எதுக்குக்கா?"
"கார் ஓடற மாதிரி போட்டோ எடுக்க."
"ஓடற காரையே எடுக்கறது?"

ஓடுகிற கார் நடுங்கும்.
கார் நடுங்கினால் குழாய் நடுங்கும்,
குழாய் நடுங்கினால் படம் கஞ்சியாகும்.
எஞ்சினை அணைத்துத் தள்ள வேண்டும்,
குழந்தைத் தொட்டிலைத் தள்ளுவது போல.

அதுவுமில்லாமல்
சம்பங்கியின் டிசையர் ஓடாது.
தொப்பூர் இறக்கத்தில் எஞ்சின் இறுகி
நாற்பது நாள்.
நாளைக்கு பைனான்ஸ்காரர்கள் வருகிறார்கள்.

அப்புறம் எதற்கய்யா படம் என்றதற்கு
பானெட்டைத் துடைத்தபடியே சொன்னார்:
"நாலு வருசம் இதுக்குள்ளயே உக்காந்திருந்தேன்.
இது ஓடறத வெளிய நின்னு
ஒரு தரம்கூட பாத்ததில்ல."

எச்சில் தொட்டுத்தான் கிண்ணங்களை ஒட்டினேன்.
நெம்புகோலை மடக்க
பானெட் ஒருமுறை முனகியது.
முதலில் கேமரா வேண்டாம்,
ஒன்றேகால் கிலோ துவரம்பருப்பைப்
பையோடு கட்டித் தொங்கவிட்டோம்.
குழாய் வளைந்து, யோசித்து, நின்றது.
நைலான் கயிறு ஒன்று காப்புக்கு.
பருப்பை அவிழ்த்துக் கேமராவை மாட்டும்போது
நான் மூச்சுவிட்டேனா தெரியவில்லை.

அணைச் சாலை.
வெயில் இறங்கிக்கொண்டிருந்த ஆறேகால்.
சம்பங்கியும் சாக்கப்பனும் பின்னால்,
வண்டியே ஓட்டத் தெரியாத மல்லம்மா
ஸ்டியரிங்கில்.
சாவியை ஒரு திருகு, பூட்டு விடுபட.
யாரும் சொல்லாமலே
சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.

தள்ளு.
நாலு விநாடி.
நிறுத்து.

மொபெட் ஒன்று வெளிச்சத்தைக் கொட்டிவிட்டுப் போனது.
தள்ளு.
ஆடுகள்.
தள்ளு.
ஸ்ஸ் என்று ஒரு கிண்ணம் காற்று வாங்க
கயிறு பிடித்துக்கொண்டது,
நான் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.
மறுபடி எச்சில். மறுபடி தள்ளு.
ஒன்பதாவதில் விழுந்தது.

இரவெல்லாம் கணினியில் உட்கார்ந்து
குழாயை அழித்தேன்,
குழாயின் நிழலை அழித்தேன்,
கதவில் தெரிந்த என் நீல துப்பட்டாவை,
செம்புக்கம்பியின் ஒரு புள்ளி மினுக்கை,
கிண்ணங்களை.
புளியமரங்கள் பச்சைக் கோடாய் இழுபட்டிருந்தன.
சக்கரம் புகை.
சையத் பாஷா மலை மட்டும்
தூரத்தில் அப்படியே, ஒரு பாறைகூடக் கலையாமல்.
நடுவில் மல்லம்மா
நூற்றிருபதில் போகிறார்,
கல்யாண வீட்டுக்கு நேரமானவர் போல.

விடிந்ததும் போனில் காட்டினேன்.
சம்பங்கி பெரிதாக்கினார், சிறிதாக்கினார்,
மறுபடி பெரிதாக்கினார்.
"பின்னாடி தள்ளுன என்னைக் காணமே" என்றார்.
மல்லம்மா எட்டிப் பார்த்து,
"நா பிரேக் மேலயே கால வச்சிருந்தேன்" என்றார்.

கிண்ணங்களைத் திருப்பித் தரக் கிளம்பும்போது
அவர்கள் வந்துவிட்டார்கள்.
கீறல், நசுங்கல், டயர் நிலைமை,
ஒரு பையன் காரைச் சுற்றிச் சுற்றி எழுதினான்.
பானெட்டுக்கு வந்ததும்
விரலால் தேய்த்துப் பார்த்தான்.
போகவில்லை.

"வட்டமா ரெண்டு தடம்" என்று
சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினான்.