கதிரைக்கு றப்பர்

கொக்குவிலில் ரயர் ஒட்டும் கடை வைத்திருக்கும் சூசைநாயகத்திடம்
"கதிரைத் தடுக்கிற றப்பர் செய்ய வேணும்" என்றேன்.
"கதிரைக்கோ பிள்ளை?
கால் தேயாமல் அடியில போடுறதோ?
அது கஸ்தூரியார் வீதியில நாலும் நூறு ரூபாய்க்கு விக்குதே."

கம்பஸில் எங்களிடம் எண்ணும் கருவி உண்டு.
ஈயப் பெட்டிக்குள், இரண்டு பூட்டுக்குள்,
பொட்டளவு சீசியம் உண்டு.
றப்பரை அழுத்தி வேகவைக்கும் பிரஸ் மட்டும் இல்லை.
அது அவரிடம் இருந்தது.
சனிக்கிழமை பின்னேரங்கள் எனக்கு என்று ஒப்பந்தம்.

கேகாலையிலிருந்து புகையூட்டிய ஷீற் ரயிலேறி வரும்.
பிஸ்மத் ஒக்சைட் கடலைமா நிறம்.
கந்தகம் அதைவிடக் கொஞ்சம் பச்சை பிடித்த மஞ்சள்.
உருளைகளுக்கு நடுவே றப்பர் முதலில் முரண்டு பிடிக்கும்,
சூடேறியதும் இளகி
போட்ட மாவையெல்லாம் வாங்கிக்கொள்ளும்.

நூறு பங்கு றப்பருக்கு ஐம்பது பங்கு மா. வாங்கியது.
நூறு. வாங்கியது.
இருநூறு. வாங்கியது, ஆனால்
மடித்தபோது விளிம்பில் நரை ஓடியது.
முந்நூறு
காய்ந்த ஒடியல் மாதிரிப் பட்டென்று முறிந்தது.
துண்டுகளைப் பொறுக்கிச் சூசைநாயகம் சொன்னார்:
"பாரம் கூடிப்போச்சு. இனி வளையச் சொல்லிக் கேக்கேலாது."

தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் கோசலாதேவிக்கு
பதினாறு வருஷமாக ஏழு கிலோ ஈய அங்கி.
அதற்குள்ளே, யாருக்கும் தெரியாமல், இடுப்புக்கு ஒரு பெல்ற்.
"ஈயத்தைக் குறை சொல்லமாட்டன்.
ஆரோ அதைக் கொக்கியில தொங்கவிடாமல்
மடிச்சு வைச்சிட்டினம்.
உள்ளுக்க வெடிச்சிட்டுது. வெளிச்சீலை வடிவாத்தான் இருந்தது.
அங்கிக்கே படம் எடுத்துப் பாத்த பிறகுதான் தெரியும்,
நான் இவ்வளவு நாளும்
ஒரு வெடிப்புக்குப் பின்னால நிண்டனான் எண்டு."

சீசியத்துக்கு முன் ஐந்து மில்லிமீற்றர் வைத்தேன்.
நூறு புறப்பட்டால் எண்பத்தெட்டு வந்து சேர்கிறது.
திருப்பி எண்ணினேன். எண்பத்தெட்டு.
ஒருமுறை எண்பத்தேழு. துள்ளிக் குதித்தேன்,
அது எண்ணிக்கையின் சின்ன விளையாட்டு.
பிறகு எண்பத்தொன்பது வந்து கணக்கைத் தீர்த்துக்கொண்டது.

கோசலாதேவி நிற்கும் இடத்தில் டெக்னீசியம்.
அதன் கதிருக்கு அவ்வளவு வீறில்லை.
இதே தகட்டில் எட்டில் ஒன்றுதான் தப்பும்.
இன்னொரு தகடு வைத்தால் அதிலும் எட்டில் ஒன்று.
இன்னும் ஒன்று. இன்னும் ஒன்று.
சங்குப்பிட்டி வரைக்கும் அடுக்கினாலும்
தாளில் பூச்சியம் வராது.
இதை எனக்குப் படிப்பித்த நாளில் விளங்கவில்லை.
இப்போது இரவு பத்து மணிக்கு,
மின்விசிறி கடகடக்க, விளங்குகிறது.

அடுத்த சனி சூசைநாயகம் தன் தோளின் படத்தைக் கொண்டுவந்து
குழல்விளக்குக்கு நேரே பிடித்தார்.
எலும்பின் ஓரம் அரிசியளவு வெள்ளை.
"ஈயமோ இரும்போ தெரியாது.
எடுத்தால் கை இழுபடுமெண்டு விட்டிட்டினம்.
உதுவும் கதிரைத் தடுக்குமோ?"
"ஒரு அரிசியளவுக்குத் தடுக்கும்."
"அப்ப சரி" என்று
மற்றக் கையால் பிரஸ்ஸின் பிடியை இறக்கினார்.

நூற்றறுபது பங்கில் நின்றோம்.
அதில் பன்னிரண்டு தகடு வெட்டி,
தையற்காரி நிரோமி ஓர் அங்கிக்குள் வைத்துத் தைத்தாள்.
ஐந்தரைக் கிலோ. ஈயத்தை வென்றுவிட்டதாக
யாரும் எழுத முடியாத நிறை.

கோசலாதேவி அதைப் போட்டார்.
கையை உயர்த்தினார், குனிந்தார்,
விழுந்த பேனையை எடுத்தார்.
பிறகு சுவரோரம் போய்
அங்கியைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார்.
நாங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"கந்தகம் மணக்குது" என்றார்.

குறிப்பேட்டில் எழுதினேன்: மணம். திருத்த வேண்டும்.
அவர் இன்னும் எழும்பவில்லை.