மூணு வெள்ளி அம்பது காசு

முதலில் உலாவியைத்தான் சந்தேகப்பட்டேன்.
எதைத் தட்டினாலும் ஒரே சிவப்பு முக்கோணம்:
உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல.
வங்கிக்குப் போனாலும் அதே பேச்சு,
நாளைக்கு மழையா என்று பார்க்கப் போனாலும் அதே பேச்சு.
மழையில் என்னத்தைத் திருடப் போகிறார்கள்?

மத்தியானம் இடி இடித்து
லாபீஸ் முழுக்கக் கரண்ட் போய் வந்திருந்தது.
மில் புகை எழ முடியாமல்
தாமான் கூரைகளின் மேல் படுத்துக் கிடந்தது.
பரிமளம் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில்.
மடியில் கறுப்பு ஃபைல்,
ஃபைலுக்கு மேல் ஒரு மார்க்கெட் பை, நனையாமல் இருக்க.
சிகாமட் பதிவிலாகாவில் ஒரு நாள் பிடிக்க வேண்டும்,
அவ்வளவுதான்.
'அவசரமில்லக்கா' என்றாள், நாலாவது முறையாக.

சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டேன்.
'மூடிட்டுத் தொறந்து பாரு' என்றான்.
மூடிவிட்டுத் திறந்தேன்.
'பழசெல்லாம் அழி.'
அழிப்பதற்கு முன் அது மரியாதையாகக் கேட்டது:
கடைசி ஒரு மணி நேரமா, கடைசி வாரமா,
எல்லாக் காலமுமா?
இப்படிக் கேட்டு அழித்துத் தருகிற ஒன்று
இந்த வீட்டிலேயே இருந்திருக்கிறது,
எனக்குத் தெரியாமல்.
எல்லாக் காலமும் என்றேன்.
அரை நிமிஷம்கூட ஆகவில்லை.
கடவுச்சொல் ஏழும் போயின.
முக்கோணம் போகவில்லை.

எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.
கூப்பன் தேடித் தருவது.
எழுத்துப் பிழை பார்ப்பது.
யார் போட்டதென்றே தெரியாத ஒரு கரடிப் படம்.
கரடிதான் என்று முடிவுகட்டி
அதன் கழுத்தைப் பிடித்துத் தூக்கினேன்.
கரடி இல்லை.
உலாவியையே கழற்றிவிட்டு வேறொன்றை ஏற்றினேன்.
புது மாப்பிள்ளைக்கும்
அதே சந்தேகம்.

பரிமளம்தான் கேட்டாள்,
திரையின் கீழ்மூலையைப் பார்த்தபடி:
'ஏங்க்கா, உங்க கம்ப்யூட்டருக்கு
இன்னிக்கு என்னா தேதி?'

ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்துப் பத்து.

உலகத்துச் சான்றிதழ்கள் எல்லாம்
அந்தத் தேதிக்குப் பிறகு எழுதியவை.
இன்னும் எழுதாத காகிதத்தை
அது எப்படி நம்பும், பாவம்?
அதன் கணக்கில்
என் வீட்டுக்காரர் மலாக்காவில் வேறு வீடு பார்க்கவில்லை.
நான் மில் தராசில் லாரி நிறுக்கப் போகவில்லை.
பரிமளத்தின் மகன் பிறக்கவே இல்லை.

'கவர்மெண்டும் அதத்தாங்க்கா சொல்லுது' என்றாள்.

பதினாலு வயது. கதவு நிலை இடிக்கிற உயரம்.
மாநிலத்துக்குப் பந்து விளையாடக் கூப்பிட்டார்கள்,
சூராட் பெரானாக் கேட்டார்கள்,
வேறு பையனைக் கூப்பிட்டார்கள்.

கையால் தேதியை மாற்றினேன்.
இன்னோர் இடி. கரண்ட் போனது, வந்தது.
மறுபடியும் புத்தாண்டு.

கடிகாரக் கடை லியோங் கதவைப் பாதி இறக்கியிருந்தார்.
'கைக்கடிகாரமா, கார் சாவியா?' என்றார் மலாயில்.
'கம்ப்யூட்டர்' என்றேன்.
வெள்ளிக்காசு மாதிரி ஒன்றைக் கையில் வைத்தார்.
மூணு வெள்ளி அம்பது காசு.
இது தீர்ந்துபோனால்
அந்தப் பெட்டிக்கு வருஷம் மறந்துவிடுமாம்.

பரிமளம் போன் வெளிச்சம் பிடித்தாள்.
பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
தூசி, ஒரு பல்லிமுட்டை ஓடு, ஒயர்களுக்கு அடியில் அது.
கொண்டை ஊசியால் நெம்பி எடுத்தேன்.
செத்த பேட்டரியை அவள் வாங்கி
இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்,
ஏதோ எழுதியிருக்கும் என்பதுபோல.

பக்கம் திறந்தது. முக்கோணம் இல்லை.
பெயர் கேட்டது, கொடுத்தோம்.
தாய் பெயர், கொடுத்தோம்.
பிறகு, பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டு,
பிறப்புப் பத்திர எண்.
அதை வாங்கத்தான் வருகிறோம் என்று சொல்ல
அங்கே கட்டம் எதுவும் இல்லை.
வெறுமனே விட்டு அழுத்தினேன்.
நட்சத்திரம் இன்னும் சிவந்தது.

தம்பி கூப்பிட்டான்.
'என்னக்கா, சரியாச்சா?'

பரிமளம் ஃபைலை மறுபடி மார்க்கெட் பைக்குள் போட்டு
முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

'தேதி சரியாச்சு' என்றேன்.