சொல்லாமல் போனவர்

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு.
காலை ரவுண்ட்ஸில்
பதினேழாம் கட்டில் காலி.
போர்வையை நாலாக மடித்து
கால்மாட்டில் வைத்துப் போயிருந்தாள்.

'அப்ஸ்காண்ட்' என்றார் சிஸ்டர்.
கேஸ் ஷீட்டில் எழுதினேன்:
சொல்லாமல் போய்விட்டார்.

அதற்கு மேலே, முந்தின நாள் என் கையெழுத்தில்:
பெயர் மாதேவி. வயது இருபத்தாறு, தோராயமாக.
காணிக் குடியிருப்பு, காரையாறு அணைக்கு அக்கரை.
தகவல் தந்தவர்: நோயாளியே.
நம்பகம்: சந்தேகம்.

சந்தேகம் ஏனென்றால்,
காய்ச்சல் எத்தனை நாளாக என்றதற்கு
தேனெடுக்கப் போனவர்கள் மலையிறங்கின
மறுநாளிலிருந்து என்றாள்.
தேனெடுக்கும் நாள் எனக்குத் தெரியாது.
தெரியாதவன் நான்.
சந்தேகம் அவள் பெயருக்கு நேரே.

அன்று கட்டிலைச் சுற்றி இருபத்திரண்டு பேர்.
திரையின் கயிறு எப்போதோ அறுந்தது.
இடது நுரையீரலில் ஒரு சத்தம் கேட்கிறது,
எல்லோரும் கேளுங்கள் என்றார் பேராசிரியர்.
எல்லோரும் கேட்டோம்.
அவள் மாராப்பை இறுக்கிப் பிடித்தாள்.
ஒத்துழைக்கவில்லை என்று ஒருத்தன் குறித்துக்கொண்டான்.
பதினாலாவது ஸ்டெதஸ்கோப் என்னுடையது.
சில்லென்று இருக்குமே என்று
உள்ளங்கையில் தேய்த்துக்கூட வைக்கவில்லை.

என்னையும்தான் 'ஏழரை' என்பார்கள் விடுதியில்.
அரசுப் பள்ளி ஒதுக்கீட்டின் சதவீதமா,
சனியா
என்று நான் கேட்டதில்லை.
அந்தச் சிரிப்பு அடங்கும்வரை
தட்டைப் பார்த்துச் சாப்பிடப் பழகியவன்
இங்கே வரிசையில் நின்றேன்.
வெள்ளைக் கோட்டுக்குள் நின்றால்
பின்னால் நிற்பவனுக்கு முதுகு மட்டும் தெரியும்.

மதியம் சளிப் பரிசோதனை முடிவு வந்தது. பாசிட்டிவ்.

வாளியைக் கீழே வைத்துவிட்டு
சுடலைவடிவு அக்கா சொன்னாள்:
"சொல்லிட்டுத்தான டாக்டர் போச்சி அந்தப் பிள்ள.
மூணு மட்டம் சொல்லிச்சி.
ஒங்ககிட்ட, சிஸ்டர்கிட்ட, பொறவு எங்கிட்ட.
மழை இறுக்குனா படகு விடமாட்டான்,
பால்குடி அக்கரையில கெடக்கு,
பத்து நாளைக்கி மாத்திரை தாங்க,
தண்ணி வடியவும் வாரேன்னு."

அவங்க பேச்சு உங்களுக்குத் தெரியுமாக்கா?

"பேச்சென்ன பேச்சு.
நின்னு கேட்டேன்."

இப்போது ஞாபகம் வருகிறது.
ராத்திரி இரண்டு மணி,
ஒன்பது படிவம் பாக்கி.
கட்டிலோரம் அவள் ஏதோ சொன்னாள்.
நிமிராமல்
'சரி சரி' என்றேன்.
அதை அனுமதி என்று
எடுத்துக்கொண்டிருப்பாள்.

மாத்திரைகளுக்கு நாலு கையெழுத்து.
பாபநாசம் சோதனைச்சாவடி வரை
நம்முடைய ஆள் கொண்டுபோனார்.
அதற்கப்பால் தகவல் இல்லை.
மலையில் மழை என்று மட்டும் தெரிகிறது,
குறுக்குத்துறையில் ஆற்றின் நிறம் மாறியிருக்கிறது.

'சொல்லாமல்' என்பதை அடித்தேன்.
அடித்தால் ஓரத்தில் கையெழுத்து வேண்டும் என்பது விதி.
போட்டேன்.

வியாழக்கிழமை வகுப்பில்
அந்தக் கேஸைச் சொல்லச் சொன்னார்கள்.
சொன்னவரின் நம்பகம்: நன்று.
கேட்டவரின் நம்பகம்: சந்தேகம்.
பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"படிவத்தில் அப்படியொரு காலம் இல்லையே" என்றார்.
சிரித்தவர்கள் சிரித்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை.

திரைக்கயிற்றை பேண்டேஜ் துணியால்
நானும் அக்காவும் முடிந்துவிட்டோம்.
ஒரு பக்கம் இன்னும் தொய்வுதான்.

பதினேழில் இன்று முக்கூடல்காரி ஒருத்தி.
காய்ச்சல் எத்தனை நாளா இருக்கு?
"கொடை கழிஞ்ச மறுநாள்லேர்ந்து, தம்பி."
ஆடி கடைசிச் செவ்வாய்.
எங்கள் தெருவிலும் அன்றுதான் கொடை.
என் கை தானாகவே தேதியை எழுதியது.
நம்பகம்: நன்று.

எழுதிய பிறகுதான்
பேனா நின்றது.