நானூறு மரத்துப் பாதை

குலசேகரம் சந்தைக்கு எதிரே டீக்கடையில்
பழம்பொரி ஆறுவதற்குள் முடிவெடுக்க வேண்டும்.
கோவையிலிருந்து வெள்ளிக்கிழமை ஆறு பேர் வருகிறார்கள்.
ஆறு சைக்கிள், முன்னும் பின்னும் சஸ்பென்ஷன்,
ஒன்றின் விலைக்கு இங்கே பழைய கார் கிடைக்கும்.
"நல்ல டிரெயிலாப் பாத்து வை"
என்று ஒரே ஒரு வரி.
நல்லது என்றால் என்ன என்று எழுதவில்லை.

நாசர் போனில் வரைபடத்தை விரித்தான்.
சமவுயரக் கோடுகள் சில இடத்தில் விரல்ரேகை போல,
சில இடத்தில் சீப்பில் சிக்கிய முடி போல.
முடி சிக்கிய இடமெல்லாம்
இறங்கித் தள்ள வேண்டிய இடம்.

மருத்துவாழ்மலை வேண்டாம்.
படிக்கட்டு, பக்தர்கள்,
போன பங்குனியில் என் காறை எலும்பு.

கீரிப்பாறைக்கு அப்பால் அழகுதான்.
கேட்டில் வனக்காவலர், "பைக்கா, சைக்கிளா?" என்றார்.
சைக்கிள் என்றோம்.
"ஆனை வித்தியாசம் பாக்காது"
என்று நோட்டை மூடிவிட்டார்.

ஆரல்வாய்மொழிப் பக்கம், காற்றாலைகளின் அடியில்
செம்மண் தடம் உண்டு.
ஆடிக் காற்றில் ரெக்சலின் ஒருமுறை
மிதிக்காமலே முப்பதில் போனாள்.
திரும்பும்போது
மிதித்துக்கொண்டே நின்றாள்.

பேச்சிப்பாறைக் கால்வாய்க் கரை?
"அது பால்காரன் போற வழி" என்றாள் அவள்.
கால்வாயை அதோடு விட்டோம்.

இத்தனைக்கும் ஸ்டெபின் வாய் திறக்கவில்லை.
பழம்பொரி எண்ணெயைத் தாளில் ஒற்றிக்கொண்டிருந்தான்.
எத்தனை சோப்புப் போட்டாலும்
அவன் விரலில் ரப்பர்ப்பால் வாடை இருக்கும்.
விடியுமுன் மூன்று மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டி
நானூறு மரம் வெட்டுவான்.
பால் எடுத்து, ஷீட் அடித்துக் காயப்போட்டு,
பதினொன்றுக்கு எங்களோடு சைக்கிளில் இருப்பான்,
ஒரு கண்ணில் தூக்கத்தோடு.

அவன் தோட்டத்துப் பாதையை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.
இரண்டு சாண் அகலம். சரிவோடு சண்டை போடாமல்
வளைந்து, கொஞ்சம் யோசித்து, மறுபடி வளையும்.
எந்த என்ஜினியரும் போட்டதல்ல;
மரத்துக்கு மரம் மூச்சை மிச்சம் பிடித்த
கால்கள் போட்டது.
மூன்று பேரும் அதையேதான் நினைத்தோம்.
கேட்கக் கூச்சம்.

நாசர்தான் கேட்டான்.

"லீவு நாள்லயும் என்னைய வேலைக்கு அனுப்புதியளாடே?"
ஸ்டெபின் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.
"மழை பெஞ்சா வெட்டு கெடையாது.
நான் நல்லாத் தூங்கி எந்திரிச்சு வருவேன்,
பாதை சோப்பு மாதிரி கெடக்கும், சம்பளமும் போச்சு.
மழை இல்லேன்னா பாதை ஜோரு,
நான் பாதி வழியில தூங்கி விழுவேன்.
நீங்களே சொல்லுங்க, எதுக்கு ஜெபம் பண்ண?"

மறுநாள் மதியம், மழையில்லாத மதியம்,
பார்த்துவிட்டு வரலாம் என்று போனோம்.
அவன்தான் முன்னால்.
வழி தெரிந்தவன், பறப்பான் என்று
ஹெல்மெட்டை இறுக்கிக்கொண்டு பின்தொடர்ந்தோம்.

ஒவ்வொரு மரத்திலும் பிரேக் பிடித்தான்.

பயமில்லை. அவனுக்குத் தெரியவேயில்லை.
விரல் தானாக மடங்கியது.
ஒரு மரம், ஒரு கீச்சு,
ஒரு மரம், ஒரு கீச்சு.
நூற்றி எண்பது வரை எண்ணிவிட்டு
எண்ணுவதை நிறுத்தினேன்.

அடிவாரத்து ஓடைக்கரையில் காலை ஊன்றி
மேலே திரும்பிப் பார்த்தான்.
"இது எறக்கமால?" என்றான்.
"எனக்கு இத்தன வருசமா ஏத்தம்லா."
பிறகு சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு
ஒன்றும் சொல்லாமல் மறுபடி மேலே போனான்.
இரண்டாம் முறை பாதிக்குப் பாதிதான் பிடித்தான்.
மூன்றாம் முறை அவனை எங்களால் பிடிக்க முடியவில்லை.

ராத்திரி கோவைக்கு எழுதினேன்:
பாதை கிடைத்தது. பதினொன்றுக்கு மேல்தான்.
அகலமான கைப்பிடி வேண்டாம்,
சிரட்டையில் தட்டும்.