பாக்ஸர் நின்ற இடங்கள்

பெட்போர்டு கடையில் கேட்டாயிற்று.
பாக்ஸருக்கு கிளட்ச் கவர் பேக்கிங் இல்லை.
வந்தால் திங்கட்கிழமை, வராவிட்டால் கோயம்புத்தூர்.
வர்க்கிக்குத் திங்கள் செவ்வாய் தெரியாது,
ஈரக்காற்று பட்டால் சாயங்காலத்துக்குள் நமுத்துவிடும்.

ஞாயிறு மதியம் வாசல் சிமெண்டில் நிறுத்தி
அடி போல்ட்டைத் திருகினேன்.
பேசினில் விழுந்தது அரை லிட்டர்தான்.
மிச்சம், சேலாசுக்கும் கொலக்கம்பைக்கும் நடுவில் எங்கோ,
சொட்டுச் சொட்டாக.

கிக்கரைக் கழற்றி, கேபிளை அவிழ்த்து,
பதினோரு போல்ட். ஒவ்வொன்றும் ஒரு நீளம்.
மாறிப்போகாமலிருக்க
பிஸ்கட் பெட்டி அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து
அந்தந்த இடத்தில் குத்தி நிறுத்தினேன்.
யோகம் எட்டிப் பார்த்தாள்.
"புள்ளி வெச்சாச்சு. கோலம் எப்போ?"

கவர் அசையவில்லை.
விறகுத்துண்டு வைத்து இரண்டு தட்டு,
மூன்றாவதில் முனகிக்கொண்டு வந்தது.
கம்பெனியில் போட்ட பேக்கிங்,
பாதி என்ஜினில், பாதி கவரில்.
பிளேடால் சுரண்டினேன். கீறல் விழக்கூடாது,
விழுந்தால் எண்ணெய்க்கு அது புது வழி.
பிறகு மண்ணெண்ணெய்த் துணி. கடைசியில் நகம்தான்.

பனிமூட்டம் ஏறி வந்து
ஸ்பேனரில் நம்பர் தெரியாமல் போனது.
யோகம் டார்ச் பிடித்தாள். பிடித்தபடியே சொன்னாள்:

"எல்லார் வாசல்லயும் ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு.
ரேஷனுக்குப் போறப்ப பாத்துக்கிட்டேதான் போவேன்.
பதினேழாம் நம்பர் வீட்ல மட்டும்
சோத்துத் தட்டு அகலம்."

பதினேழாம் நம்பர் அண்ணன் ராசையா வீடு.
அப்பாவின் செட்டில்மெண்ட் பணத்தில்
அவர் ஒரு வார்த்தை விட்டார், நான் இரண்டு விட்டேன்.
மூன்றாவதை விட்டது யோகம்.
ஒன்பது வருஷம்.

வண்டியை நிறுத்த அங்கேதான் சமதளம் என்றேன்.
மலையில் அது நம்பக்கூடிய பொய்.

டார்ச் உள்ளே போய்விட்டது.
இருட்டில் உட்கார்ந்திருந்தேன்
எண்ணெய்க் கையோடு,
அரித்த மூக்கைக்கூடச் சொறிய முடியாமல்.

வந்தபோது அவள் கையில் கல்யாணப் பத்திரிகை.
வர்க்கி டின்னில், அடிப்பேப்பருக்கும் அடியில்
நான் வைத்திருந்தது.
நாலு மூலையிலும் மஞ்சள்.
அண்ணன் மகள் நிரோஷாவுக்கு, தை இருபத்திமூன்று.
"அட்டை நல்ல கெட்டி" என்றாள்.
"இதுலயே வெட்டு. தேதி எனக்கு மனப்பாடம்."

கவர்மேல் பத்திரிகையை விரித்து
சுத்தியலின் உருண்டை முனையால் விளிம்போடு தட்டினால் போதும்,
இரும்பு வேண்டாம், அலுமினியமே அறுத்துக்கொடுக்கும்.
போல்ட் ஓட்டைகளுக்கு ஒரு பேரிங் குண்டு.
மூலை மஞ்சள் வெளியே உதிர்ந்தது,
மண்டபத்தின் பெயர் நடுவோடு போனது.
'சுற்றமும் நட்பும் சூழ' என்பதில்
'சூழ' மட்டும் பேக்கிங்கில் நின்றது.

மடிப்புதான் பயம்.
எப்படித் திருப்பிப் போட்டாலும்
இரண்டு இடத்தில் குறுக்கே வந்தது.
"மடிப்பு வழியா கசியும்" என்றேன்.
"கசிஞ்சா கசியட்டும். பசையைப் போடு."

எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன்.
ஒரே பக்கம் இறுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும்.
அவள் அட்டையிலிருந்து ஒவ்வொரு போல்ட்டாகப் பிடுங்கித் தந்தாள்.
கடைசி போல்ட்டைத் தராமல் கையில் வைத்திருந்தாள்.
"இனிமே ரோடு எனக்கு ஒண்ணும் சொல்லாது,
நீதான் சொல்லணும்."

பசை காய ஒரு ராத்திரி.
விடிந்ததும் புது எண்ணெய் ஊற்றி,
கீழே தினத்தாள் விரித்து, கால்மணி நேரம் ஓடவிட்டேன்.
தாளில் ஒரே ஒரு பொட்டு.
பனி உருகிச் சொட்டியதா, எண்ணெயா,
தொட்டுப் பார்க்கவில்லை.

கொலக்கம்பை இறக்கத்தில்
வழக்கமாக என்ஜினை அணைத்து
சத்தமில்லாமல் உருட்டிப் போகும் இடத்தில்
அணைக்கவில்லை.
பதினேழாம் நம்பர் வாசலில்
ஹாரன் அடித்தேன்.
அது வேலை செய்ததே எனக்கு ஆச்சரியம்.